ஹன்னாவின் அடிக்கு எந்தப் பெயின்ற்

பெப்ரவரி 2, திங்கள்

காலையிலேயே வெயில். வடகிழக்குக் காற்று, லேசாக. எங்கள் படகு ஹன்னாவை இன்று கரையேற்றும் வேலை.

6.20 ரயில், வெள்ளவத்தையிலிருந்து கொழும்புக் கோட்டை. அங்கிருந்து முகத்துவாரம் பஸ். என்னவர் அன்ரன் எனக்கு முன்பே போய்விட்டார். மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்துப் பட்டறையில் கிரேன் தயார். படகின் வயிற்றுக்குக் குறுக்கே இரண்டு பட்டிகள். முப்பத்தொரு அடிப் பாய்ப்படகு, ஒரு சத்தமும் இல்லாமல் மேலே வந்தது. தண்ணீர் ஒழுக ஒழுக அடிப்பக்கம் வெளியே தெரிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. பச்சைத் தாடி. சுக்கான் முழுக்கச் சிப்பி. புரொப்பெல்லர் எது, சிப்பி எது என்று தெரியவில்லை.

பட்டறையில் பெயின்ற் அடிக்கிற நிஹால் பாஸ், சிங்களத்தில்: "மிஸ், இது போட் இல்லை, பாறை." அன்ரன் சிரிக்கவில்லை. கையால் தடவிக்கொண்டு நின்றார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல.

போன வருடம் அடித்த பெயின்ற் ஒன்பது மாதம்கூடத் தாங்கவில்லை. முன்பு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை அவரே முங்கிச் சுரண்டிவிட்டு வருவார். நவம்பருக்குப் பிறகு முங்கவில்லை. கேட்டால், "தண்ணி கலங்கலா இருக்கு."

மார்ச் முதல் வாரம் புறப்பாடு. மாலைதீவு. பிறகு மே மாதக் காற்றோடு கிழக்கே, மலேசியாவின் லங்காவி. எல்லாமாக இரண்டு வருடம். அவர் துறைமுகத்தில் இழுவைப் படகு எஞ்சினோடு முப்பத்து நான்கு வருடம். நான் ஆய்வுகூடத்தில் தண்ணீர் சோதித்து முப்பது வருடம். ஓய்வு எடுத்துச் செய்கிற வேலை இது. ஒல்லாந்துக் கிழவர் ஒருவரிடம் வாங்கிய படகு. பெயரை மாற்றினால் ஆகாதாம். மாதா பக்தர் அவரும் நம்புகிறார், முருகன் கோவில்காரி நானும் நம்புகிறேன். எனவே ஹன்னா.

பெயின்ற்றிடம் எதிர்பார்ப்பது:
– இரண்டு வருடம் தாங்க வேண்டும். வழியில் படகைத் தூக்க வசதியான இடம் கிடைக்குமோ தெரியாது
– கடல் எப்போதும் இளஞ்சூடு. எதுவும் முளைக்கும்
– ஓடுவது நாள் கணக்கு, நங்கூரத்தில் நிற்பது வாரக் கணக்கு
– செம்பு சேர்ந்தது என்றாலும் பரவாயில்லை, உடம்பு ஃபைபர்

வீட்டுக்கு வரும்போது பால்மா, மெழுகுதிரி, அவருக்கு ரேசர். ரேசர் மறந்துவிட்டது.

பெப். 3, செவ்வாய்

வெயில். கழுத்தெல்லாம் வேர்க்குரு.

என் பலகைகளை இன்று மேலே எடுத்தேன். ஓகஸ்ட் மாதம் ஐந்து ஃபைபர் துண்டுகளுக்கு ஐந்து விதமாகப் பூசி, துறைமுகத்து மேடையில் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் விட்டிருந்தேன். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். இன்று மீன் வாங்க வந்த சனம்கூடச் சுற்றி நின்று பார்த்தது.

1. கடின வகை. காய்ந்தால் ஓடு மாதிரி, செம்பு மெல்லக் கசியும். சிப்பி இல்லை. மெல்லிய வழுவழுப்பு மட்டும்.
2. கரையும் வகை. சவர்க்காரம் மாதிரி மேற்பரப்பு தேய்ந்து தேய்ந்து புதுசு வெளியே வரும். சிப்பி இல்லை. ஆனால் விரல் தடிப்புக்குப் பாசிச் சளி.
3. எபொக்சியில் செப்புத்தூள். பத்து வருடம் என்று ரின்னில் எழுதியிருக்கிறது. சாண்ட் பேப்பர் போட்ட பாதி நல்லது, போடாத பாதி மோசம்.
4. கடையில் கிடைத்த மலிவு ரின். சொல்ல ஒன்றுமில்லை.
5. வெறும் பலகை. அதில் ஒரு குட்டி நண்டு குடியிருந்தது. திரும்பத் தண்ணீரில் விட்டேன்.

ஒன்றாவதுதான் முதல். இதில் வாதத்துக்கே இடமில்லை என்று நினைத்தேன். அன்ரன் முழுவாழ்க்கையும் கடின வகைதான் அடித்தவர். "மத்ததெல்லாம் முகப் பூச்சு" என்று பழிப்பவர். அவர் இரண்டாவதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதையே அடிப்பம்" என்கிறார்.

"ஆறு மாதம் சோதிச்சது என்னத்துக்கு?"

"சாந்தி, பலகை கட்டுன இடத்துலயே நிக்குது. போட் ஓடும். ஓடுனாத்தான் அது கரையும்."

"லங்காவியில மூண்டு மாதம் நிக்கப்போறம் எண்டு நீங்கள்தானே சொன்னது. நிண்டாலும் நல்லா இருக்கவேணும் எண்டுதானே பாக்கிறம்."

"எனக்குத் தோணுது. அவ்வளவுதான்."

தோணுதாம். ஒரு எஞ்சின்காரர் சொல்கிற வார்த்தையா இது. வெள்ளவத்தையில் இறங்கும்போது என் பையை வாங்கிக்கொண்டார். கொடுத்தேன். ஆனால் கோபம்தான்.

பெப். 4, புதன்

சுதந்திர தினம். பட்டறை பூட்டு. தலைக்கு மேலே ஜெட் விமானங்கள். மேல்மாடி நாய் கட்டிலுக்குக் கீழே போய்விட்டதாம்.

மத்தியானம் கொட்டாஞ்சேனை, பிலோமினா மச்சாள் வீடு. அன்ரனின் அக்கா. றால் குழம்பு, கத்தரிக்காய்ப் பிரட்டல், பப்படம். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மச்சாள் அவரைப் பார்த்து, "சொட்டு மருந்து போட்டியா?" அவர் கண்ணால் சாடை காட்டினார். மச்சாளுக்குக் கண்காட்டினால் விளங்காது. நான் தட்டுக் கழுவப் போன இடத்தில் மச்சாளிடம் கேட்டேன்.

"உனக்குச் சொல்லலியா? நான்தானே கூட்டிட்டுப் போனேன். டிசம்பர் மாசம். இடது காதுச் சவ்வுல ஓட்டை. அந்த ஊத்தைத் தண்ணியில முங்கி முங்கிச் சீழ் வெச்சிருக்கு. இனிமே முங்கவே கூடாதுன்னுட்டாரு டொக்டர்."

தட்டைக் கழுவி முடித்தேன். இரண்டு தடவை கழுவினேன் என்று பிறகுதான் தெரிந்தது.

திரும்பும் பஸ்ஸில் அவர் என் இடப்பக்கம். யோசித்துப் பார்த்தேன். நவம்பரிலிருந்து எங்கே போனாலும் சுற்றிக்கொண்டு என் இடப்பக்கம்தான் வருகிறார், நல்ல காது என் பக்கம் இருக்கும்படி. கட்டிலில்கூடப் பக்கம் மாறினார். ஃபான் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றார். முப்பத்தொரு வருடம் கூட வாழ்கிறேன். ஃபான் காற்று என்று நம்பினேன்.

பெப். 5, வியாழன்

மேகம். மழை இல்லை.

காலை, பாண், சம்பல். அவர் ரீ ஊற்றும்போது கேட்டேன். "காது எப்படி இருக்கு?"

கேத்தலைக் கீழே வைத்தார். "அக்கா சொல்லிட்டாளா?"

"நீங்கள் ஏனப்பா சொல்லேல்லை?"

"சொன்னா நீ பயணத்த நிப்பாட்டிடுவேன்னு நெனச்சேன்."

"நிப்பாட்டுவன் எண்டு நான் எப்ப சொன்னனான்?"

ரீயை என் பக்கம் நகர்த்தினார். பிறகு அவரே எல்லாவற்றையும் சொன்னார். கடின வகை நல்லதுதான், ஆனால் வழுவழுப்பு வந்தால் யாராவது அடியில் போய்த் தேய்க்க வேண்டும். கரையும் வகை என்றால் படகு ஓடும்போதே கழுவுப்படும். "அடியில போறதுக்கு ஆள் இல்ல, சாந்தி. அதான்." சொல்லும்போது மேசைத் துணியின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சின் அறையில் கை வெந்தபோதுகூட இந்த முகம் இல்லை.

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கோபத்தைத்தான் காட்டினேன். இரண்டு மாதம் தனியாக வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். பஞ்சு அடைத்துக் குளித்திருக்கிறார். நான் பக்கத்து அறையில் மாலைதீவு வரைபடத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

"பெயின்ற் என்ன பெயின்ற் எண்டாலும், புரொப்பெல்லரில கயிறு சுத்தினால் ஆர் இறங்குறது?"

மேசைத் துணியின் சுருக்கத்தை நீவினார்.

"நான் இருக்கிறன்."

சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்.

அவர் சிரித்ததில் தவறில்லை. கழுத்தளவு தண்ணீரில் நீந்துவேன். தலை உள்ளே போனால் முடிந்தது. வீட்டு ஷவருக்கே முகம் கொடுக்காத ஆள் நான்.

பின்னேரம் டொக்டரிடம் நானும் போனேன். நேரே கேட்டேன்: கடல் பயணம் போகலாமா? போகலாமாம். காதுக்குள் தண்ணீர் போகக் கூடாது, வஸலின் தடவிய பஞ்சு, முங்கவே கூடாது. திரும்பி வந்தபின் ஒப்பரேஷன் பற்றி யோசிக்கலாம். அன்ரன் வாசலில் நின்று, "என்ன சொன்னாரு?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்றாம் தடவை வலது காதுப் பக்கம் போய்ச் சொன்னேன்.

பெப். 6, வெள்ளி

விரதம். மரக்கறி. வெயில்.

சரி, உணர்ச்சி ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம். அவர் மறைத்தது பிழை. ஆனால் "பலகை ஓடாது, போட் ஓடும்" என்றது பிழையா? சோதிக்காமல் எப்படித் தெரியும். நிஹாலின் மைத்துனர் ஃபைபர் படகு வைத்திருக்கிறார். ஒன்றையும் இரண்டையும் அதன் பின்னால் கயிற்றில் கட்டி, ஹன்னாவின் வேகத்தில் ஒரு மணித்தியாலம் இழுத்தோம். நான் முன்னால் குடையோடு. நிஹால் மைத்துனரிடம் சொன்னது காதில் விழுந்தது: "பேசாமல் ஓட்டு. மிஸ் பலகைக்கு நீச்சல் பழக்கிறா."

எடுத்துப் பார்த்தால்: இரண்டாவதில் சளி முழுக்கப் போய்விட்டது. புதுப் பெயின்ற் மாதிரி மினுக்கம். ஒன்றாவதில் வழுவழுப்பு அப்படியே.

ஆகவே அவர் சொன்னது சரி. சொன்ன காரணம் மட்டும் வேறு. பலகையை அவரிடம் நீட்டினேன். தடவிப் பார்த்தார். "நான் சும்மாதான் சொன்னேன்" என்றார் மெதுவாக. "எனக்கே தெரியாது சரின்னு."

மற்றவை ஏன் வேண்டாம், மறக்காமல் இருக்க:
செப்பு எபொக்சி – பழசு முழுவதையும் வெறும் ஃபைபர் வரைக்கும் சுரண்ட வேண்டும், காற்றில் ஈரம் குறைய வேண்டும். கொழும்பில் எப்போது குறையும்?
சிலிக்கன் – வேகமாக ஓடும் கப்பல்களுக்கு. ஹன்னா நடக்கிறவள். அதோடு சிலிக்கனுக்கு மேல் பிறகு வேறொன்றும் ஒட்டாது.
அன்ரனின் காலத்து ஈயமோ தகரமோ சேர்ந்த பழைய பெயின்ற் – அவர் பெருமூச்சோடு நினைக்கிறார். சிப்பி ஒன்றுகூட வராதாம். வராதுதான், மீனுக்கும் கேடு. தடை. நல்ல காலம்.

பெப். 7, சனி

கா. 5.50. வெள்ளவத்தைக் கடற்கரை, ரயில் பாதைக்கு அப்பால். இந்த மாதம் கடல் தட்டு மாதிரி. முங்குவதில் எனக்கு முதல் பாடம்.

நான் நீளக் கை ரீ ஷேர்ட், முகத்துக்குக் கண்ணாடி முகமூடி. அவர் இடுப்பளவு தண்ணீரில், காதில் பஞ்சு, அதற்கு மேல் என் பழைய குளியல் தொப்பி. பூப்போட்டது. அதைப் பார்த்ததும் பாதிப் பயம் போனது.

"மூச்ச இழுத்து வெச்சுக்க. குனி. ரெண்டு எண்ணு. வா."

குனிந்தேன். எண்ணுவதற்கு முன் வந்துவிட்டேன். பத்துத் தடவை. பத்தும் அப்படியே. மூக்கெல்லாம் உப்பு. பதினோராவது தடவை மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் வற்புறுத்தவில்லை. கையை மட்டும் விடவில்லை.

கரையில் நடந்துபோன இரண்டு பெண்கள்:
"அன்ரி என்ன தேடுறா?"
"மோதிரம் விழுந்திட்டுதாக்கும்."

வீட்டில் வந்து வாளியில் தண்ணீர் நிரப்பி முகத்தை வைத்துப் பழகினேன். அவருக்குச் சொல்லவில்லை. எட்டு வரை எண்ணினேன், வாளியில்.

பெப். 8, ஞாயிறு

அவர் பூசைக்குப் போகுமுன் இன்னொரு பாடம். இன்று நான்கு. கடலில் நான்கு. கண்ணைத் திறந்தும் பார்த்தேன். அவருடைய கால்கள். பச்சையாக, மெலிந்து, பொறுமையாக நின்றுகொண்டிருந்தன. இந்தக் கால்களை இவ்வளவு கவனமாக நான் பார்த்ததில்லை.

எழுந்ததும் சொன்னேன்: "நாலு."

"நாலா?" தொப்பியை ஒரு பக்கம் தூக்கிக் கேட்டார். "திருப்பிச் சொல்லு."

மத்தியானம் சாப்பாட்டு மேசையில் முடிவு. அவர் சொல்கிறார்: "நீ முங்கப்போறேன்னா கடினத்தையே அடிக்கலாமே. உன் பலகையும் அதைத்தானே சொல்லிச்சு." நான் சொல்கிறேன்: வேண்டாம், இழுத்துப் பார்த்தபின் பலகை வேறு சொல்லிவிட்டது. அவர் எனக்காக, நான் அவருக்காக. கால் மணித்தியாலம் இப்படியே. கடைசியில் நான் தாள் எடுத்து எழுதினேன்.

கரையும் வகை. மூன்று பூச்சு, இரண்டு வருடம் என்றால் தடிப்பு வேண்டும், தின்னர் கலக்கவே கூடாது. முதல் பூச்சு சிவப்பு, மேலே இரண்டு நீலம். எங்கே சிவப்பு தெரிகிறதோ அங்கே நீலம் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீர்க் கோடு, சுக்கான், முன்விளிம்பு, இவற்றுக்கு நாலாவது. நங்கூரத்தில் நிற்கும்போது பதினைந்து நாளைக்கு ஒருமுறை மெதுவான துணியால் துடைப்பு: சாந்தி.

அந்தக் கடைசி வரியை அவர் இரண்டு தடவை வாசித்தார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பெப். 10, செவ்வாய்

நேற்று முழுக்கத் தேய்ப்பு. தண்ணீர் ஊற்றி ஊற்றித்தான் தேய்க்க வேண்டும்; பழைய பெயின்ற்றின் தூசி நஞ்சு. மூன்று பேரும் முகமூடி. பழைய பெயின்ற் என்ன இனம் என்று யாருக்கும் தெரியாததால் இடையில் ஒரு ஒட்டுப் பூச்சு. அது நிஹாலின் யோசனை. நல்ல யோசனை.

இன்று சிவப்பு. றோலர் அன்ரன், விளிம்புக்குத் தூரிகை நான், புரொப்பெல்லர் நிஹால். அதற்கு இந்தப் பெயின்ற் கூடாது. வெண்கலத்துக்குத் தனிப் பூச்சு. துத்தநாகத் துண்டுகளுக்கு எதுவுமே பூசக் கூடாது, அவைதான் அரிப்பைத் தாங்கள் வாங்கிக்கொள்பவை.

அன்ரன் வேலை செய்யும்போது பாடுவார். இன்று பாட்டு ஒரு பக்கம், சுருதி ஒரு பக்கம். காது காரணம். நிஹால் என்னைப் பார்த்தார். நான் சிங்களத்தில், "ஹொந்தய், ஹொந்தய்" என்றேன். நல்லாத்தான் இருந்தது.

பி.ப. 3 மணிக்குத் தெற்கே கறுப்பு. மூவரும் தார்ப்பாய் பிடித்துக்கொண்டு அரை மணித்தியாலம் நின்றோம். பத்துத் துளி விழுந்தது. பிறகு வெயில்.

என் காது மடலில் சிவப்பு. கொட்டாஞ்சேனைக்குப் போனால் மச்சாள் கேட்டாள்: "இப்ப உனக்குமா காது?"

பெப். 11, புதன்

நீலம், நீலம். காலை ஒன்று, பின்னேரம் ஒன்று.

கடலில் ஒன்பது எண்ணினேன். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாராம், தலை மேலே இருந்தும்.

பெப். 12, வியாழன்

ஹன்னா தண்ணீரில். நிஹாலுக்கு ஒரு கேக், அவர் மகளுக்கு நிறப்பென்சில். நிஹால் படகைத் தட்டி, சிங்களத்தில், "போய் வா தங்கச்சி" என்றார். மூன்று பேரும் கொஞ்ச நேரம் வேறு வேறு திசையில் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மகள் மெல்போனிலிருந்து ஃபோன். "அம்மா, நீங்க முங்குறீங்களாம். அப்பா எல்லாருக்கும் மெசேஜ் போட்டிருக்கிறார்."

எல்லாருக்குமா.

பெப். 14, சனி

பரீட்சை ஓட்டம். எழுத வேண்டிய கடிதம் எல்லாம் எழுதி அனுமதி எடுத்தாயிற்று. கா. 7க்கு வெளியே. காற்று நல்லது, பாய் இரண்டும் மேலே. போன வருடத்தை விட ஹன்னா ஒரு நொட் அதிக வேகத்தில் ஓடுகிறாள். இழுவைப் படகு எஞ்சின்காரர் சின்னப் பிள்ளை மாதிரி அளந்து அளந்து பார்க்கிறார். கடலிலிருந்து வெள்ளவத்தை. எங்கள் மாடி எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லா பல்கனியிலும் உடுப்பு.

10.15, கல்கிசைக்கு நேரே நங்கூரம். தண்ணீர் கண்ணாடி. அவர் ரீ ஊற்றினார், பிஸ்கட் எடுத்தார், திரும்ப உள்ளே வைத்தார். நான்தான் முகமூடியை எடுத்தேன்.

இடுப்பில் கயிறு. மறுமுனை அவர் கையில். முதல் தடவை ஐந்தில் வந்துவிட்டேன். இரண்டாம் தடவை உள்ளங்கை படகின் வயிற்றில் பட்டது. வழுவழு என்று, நீலமாக, சுத்தமாக. மேலே வெளிச்சம் ஆடுகிறது. பயம் இருந்தது. பயம் இருந்தபடியே இருக்க, கை தடவிக்கொண்டு போனது. மூன்றாம் தடவை படகின் அடித்தண்டு, கீல் வரை. பதினாறு.

மேலே வந்தபோது அவர் தளத்தில் குப்புறப் படுத்திருந்தார், வலது காது தண்ணீர்ப் பக்கம்.

"என்ன? என்ன ஆச்சு?"

"ஓரிடம் விட்டுப்போச்சு."

"என்னா?"

"முட்டுக் குடுத்த கட்டை இருந்த இடம். கட்டைய மாத்தி வைச்சு அடிக்க மறந்திட்டம். உள்ளங்கையளவு. பெயின்ற்றே இல்லை."

"நான் சுத்திப் பாத்தேனே."

"நான் இப்ப பாத்தனான்."

முகம் விழுந்துவிட்டது. "திரும்பத் தூக்கணுமா? நிஹாலுக்கு ஃபோன் பண்ணவா?"

"வேண்டாம். அதில சிப்பி வந்தால் நான் சுரண்டுறன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கயிற்றை மெதுவாக இழுத்து என்னை ஏணிக்குக் கொண்டுவந்தார். துவாய் போர்த்திவிட்டார். அடியில் எப்படி இருக்கிறது, வெளிச்சம் எப்படி, மீன் வந்ததா, சுக்கான் தெரிந்ததா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இருபது வயதிலிருந்து அவர் பார்த்த இடம் அது. இனி நான் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். எல்லாவற்றையும் சொன்னேன், வலது பக்கம் உட்கார்ந்து, மெதுவாக. ரீ ஆறிவிட்டது.

குறிப்பு: விட்டுப்போன இடம் இடப்பக்கம், கீலுக்குப் பின்னால், ஒரு கை நீளம். மாலைதீவு போனதும் பார்க்க. சுரண்ட ஒரு தகடு வாங்க வேண்டும், பிளாஸ்டிக், சின்னது.